வதந்தியும் திறனாய்வும்: எண்ணூர்க் கரையிலிருந்து ஒரு நோக்கு

செய்தித்தாள்களை நம்ப முடிவதில்லை என்னும் கூற்று, படித்தவர் பாமரர் என்ற வேறுபாடின்றி இன்று எங்கும் கேட்கிறது. கட்சியினர் தமக்கு ஒவ்வாத ஏட்டை விலைபோன ஏடு என்கின்றனர். ஒவ்வொரு தொலைக்காட்சியும் ஒரு கட்சியின் குரல், அல்லது ஒரு முதலாளியின் குரல் என்று தெரிந்தே மக்கள் அதைப் பார்க்கின்றனர். இந்த ஐயத்தை விழிப்புணர்வின் அடையாளமாகப் பாராட்டி எழுதுவோரும் உளர். நமது கருத்து வேறு. செய்தியை அடியோடு நம்பாதவர் எதையுமே நம்பாதவராய் இருந்துவிடுவதில்லை. அவருடைய நம்பிக்கை வேறிடத்தில் போய்க் குடியேறுகிறது. அது குடியேறும் இடம் பெரும்பாலும் வதந்தியே. வதந்திக்கும் கொலைக்கும் இடையேயுள்ள தொலைவு எவ்வளவு குறுகியது என்பதை வடசென்னைக் கரையோரம் நாம் கண்டிருக்கிறோம்.

எண்ணூர் மக்களின் ஐயத்தை முதலில் நேர்மையாக எடைபோட வேண்டும். கொசத்தலையாற்றின் முகத்துவாரத்திலும் பக்கிங்காம் கால்வாயோரத்திலும் வாழ்வோர், அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றில் படிவதைப் பல்லாண்டுகளாகப் பார்த்து வந்தவர்கள். 2017 சனவரி 28ஆம் நாள் காமராசர் துறைமுகத்திற்கு அப்பால் பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்னும் இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. சுற்றுச்சூழலுக்குப் பெரிய கேடில்லை என்றே முதலில் அறிவிப்பு வந்தது. சில நாட்களுக்குள் எண்ணூர் முதல் மெரினாவுக்கும் தெற்கே வரை கறுப்பு எண்ணெய் ஒதுங்கிற்று. தொழிலாளரும் மாணவரும் மீனவரும் அதை வாளிகளில் அள்ளினர். 2023 திசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து முகத்துவாரம் முழுவதும் பரவியது. படகும் வலையும் வீட்டுச் சுவரும் கறுத்தன. அப்போதும் முந்திவந்தது மறுப்புத்தான். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்தே வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பின்னர்தான் கண்டது. மறுபடியும் வாளிகளே எண்ணெயை அள்ளின. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில், கப்பலிலிருந்து உரத்தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினர். ஐம்பதுக்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

இத்தகைய மக்களிடம் சென்று, அறிக்கையை நம்புங்கள் என்று நாம் சொல்ல இயலாது. ஆயினும் ஈண்டு ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். 2017இல் அந்த முதல் அறிவிப்பைப் பொய்யாக்கியவை நிருபர்கள் கரையில் நின்று எடுத்த படங்களே. 2023இல் எண்ணெய்க் கசிவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டதற்கும் ஏடுகளில் வெளிவந்த செய்திகளே அடிப்படை. மக்களை ஏமாற்றியது அதிகார மறுப்பு. அவர்களுடைய கோபமோ அம்மறுப்பை அச்சிட்ட ஏட்டின்மேலும் அதை உடைத்த ஏட்டின்மேலும் ஒருசேர விழுந்தது. ஒரே நாளிதழின் ஒரே பக்கத்தில் இவ்விரண்டும் அடுத்தடுத்து வந்திருக்கக்கூடும் என்பதும் உண்மை. இரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொடுப்பார் இல்லாதபோது, எல்லாம் ஒன்றுதான் என்ற சலிப்பு உண்டாகிறது. அந்தச் சலிப்பு என்ன செய்யும் என்பதைக் காண எண்ணூரை விட்டு வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை.

கரையோடு வடக்கே சென்றால் காட்டுப்பள்ளியைக் கடந்து பழவேற்காடு வரும். 2018 மே 9ஆம் நாள் அங்கே ஒரு மனிதரைக் குழந்தை கடத்துபவர் என்று ஐயுற்ற கூட்டம் அடித்துக் கொன்று, பாலத்தில் தொங்கவிட்டது. அவர் மனநலம் குன்றியவராகத் திரிந்தவர் என்று பின்னர் தெரிந்தது. அதே நாளில் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்த ஒரு சென்னைக் குடும்பத்தை மக்கள் மடக்கினர். வழியில் நின்ற பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்ததே அவர்கள் செய்த குற்றம். அறுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி அடிபட்டு இறந்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன்னர், குடியாத்தம் அருகே இந்தி பேசிய ஒருவர் கொல்லப்பட்டிருந்தார். வடமாநிலத்திலிருந்து பெருங்கும்பல் ஒன்று குழந்தைகளைப் பிடிக்க இறங்கியிருக்கிறது என்னும் செய்தி வாட்ஸ்அப் வழியாக வடமாவட்டங்களெங்கும் பரவியிருந்தது. அப்படி ஒரு கும்பலும் இல்லை என்று காவல்துறை அறிவித்தது. அவ்வறிவிப்பு ஏடுகளிலும் வந்தது. யார் நம்பினர்? கசிவு இல்லை என்று சொல்லிப் பழகிய அதே அதிகாரக் குரல் கும்பல் இல்லை என்று சொன்னபோது, அதுவும் ஒரு மூடிமறைப்பாகவே மக்கள் செவியில் விழுந்திருக்கும் என்று நாம் கருதுகிறோம். அடித்தவர்கள் தொழில்முறைக் கொலையாளிகள் அல்லர். பிள்ளைகளைப் பெற்றவர்கள், அச்சத்தால் நடுங்கியவர்கள். இதனாலேயே இது நமக்கு அறைகூவலாகிறது.

இவ்வதந்தியைத் திருமறையாய்வு மாணவருக்குப் பழக்கமான கருவிகளைக் கொண்டே ஆராயலாம். ஹெர்மன் குங்கெலும் மார்ட்டின் டிபேலியுசும் வகுத்த உருவத் திறனாய்வு முறை நமக்குக் கற்றுத்தந்தது எது? வாய்மொழியாக வழங்கும் ஒரு கூற்றுக்குத் தனக்கே உரிய ஓர் அச்சு உண்டு, அந்த அச்சைக் கண்டால் அது எத்தகைய சூழலில் பிறந்தது என்று ஓரளவு அறியலாம் என்பதே. குழந்தை கடத்தல் செய்தியின் அச்சைப் பாருங்கள். அதில் நாள் இல்லை. ‘நேற்று’ மட்டும் உண்டு. எந்த நாளில் கேட்டாலும் அது நேற்றுத்தான். அதில் ஊர் உண்டு, ஆனால் அது எப்போதும் பக்கத்து ஊர். சொந்த ஊராயிருந்தால் போய்ப் பார்த்துவிடலாம். தொலைதூர ஊராயிருந்தால் அச்சம் பிறவாது. சாட்சி உண்டு, அவர் சொல்பவரின் மைத்துனர் அல்லது மைத்துனரின் நண்பர். இறுதியில் ஒரு கட்டளை உண்டு: எல்லாருக்கும் அனுப்புங்கள். செய்தித்தாளின் செய்திக்கு இவ்வச்சு இல்லை. அதற்குத் தேதி உண்டு, ஊர்ப்பெயர் உண்டு, பிழையானால் வழக்குத் தொடுக்க ஒரு முகவரி உண்டு, மறுநாள் திருத்தம் வெளியிடும் கடமையும் உண்டு. அக்கடமையை நம் ஏடுகள் எந்த மூலையில் எவ்வளவு சிறிய எழுத்தில் நிறைவேற்றுகின்றன என்பது வேறு கதை. எனினும் திருத்தம் என்ற ஒன்று அங்கே இருக்கிறது. வதந்திக்குத் திருத்தம் இல்லை. அடுத்த வதந்தி மட்டுமே உண்டு.

மூலத் திறனாய்வும் இதற்கு உதவும். அவ்வாண்டு இந்தியாவின் பல மாநிலங்களில் சுற்றிய படங்களுள் ஒன்று, மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தெருவில் விளையாடும் ஒரு சிறுவனைத் தூக்கிச் செல்வதைக் காட்டியது. அது பாகிஸ்தானின் கராச்சி நகரில் குழந்தைப் பாதுகாப்பைப் பற்றிய விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட நடிப்புப் படம். மூலத்தில் சிறுவன் திருப்பி விடப்படுகிறான். பெற்றோருக்கு எச்சரிக்கை காட்டப்படுகிறது. அந்த முடிவை யாரோ வெட்டினர். சேர்த்தவர் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை, வெட்டியதொன்றே போதுமானதாயிற்று. மாற்கு நற்செய்தியின் முடிவைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கும் நம் மாணவர்கள், ஒரு முடிவை நீக்கினால் முழுப் பொருளும் எவ்வாறு தலைகீழாகும் என்பதற்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டைக் காணமாட்டார்கள்.

அதே ஆண்டின் தொடக்கத்தில் இலங்கையில் நிகழ்ந்ததும் இவ்வகையினதே. அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் சிங்களருக்கு மலட்டு மாத்திரை கலந்து கொடுக்கின்றனர் என்னும் வதந்தி பெப்ரவரி இறுதியில் ஒரு கலவரத்தை மூட்டியது. மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனையில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அங்கே அச்சத்தின் பின்னால் ஒழுங்கமைந்த தீவிரவாதக் குழுக்கள் இருந்தன. பழவேற்காட்டில் அப்படி ஒரு குழு தேவைப்படவில்லை. தீவிரவாதம் தன் நிலத்தைத் தானே உழுவதில்லை. எல்லா ஏடும் பொய் என்று முன்பே முடிவு செய்துகொண்ட மக்கள் அதற்கு உழுது வைத்த நிலமாக அமைகின்றனர். 1951இல் வெளிவந்த தமது பெருநூலில் ஹன்னா ஆரெண்ட், முற்றதிகார இயக்கங்களுக்கு ஆட்பட்ட மக்களிடம் எதையும் நம்பிவிடும் எளிமையும் எதையும் நம்பாத ஏளனமும் ஒன்றாகக் கலந்திருந்ததைச் சுட்டிக்காட்டினார். இவ்விரண்டும் எதிரெதிரானவை என்று நினைப்பதே நம் பிழை.

திருமறையில் இதற்கு நேரொத்த ஒரு நிகழ்ச்சி உண்டு. திருத்தூதர் பணிகள் 21ஆம் அதிகாரத்தில், பவுல் கிரேக்கரைத் தேவாலயத்திற்குள் கொண்டுவந்து அதைத் தீட்டுப்படுத்தினார் என்னும் கூக்குரல் எழும்புகிறது. நகரமே திரண்டு அவரை வெளியே இழுத்துக் கொல்ல முயல்கிறது. லூக்கா அவ்விடத்தில் சற்று நின்று, அக்கூற்று எவ்வாறு உண்டாயிற்று என்று ஒரே வாக்கியத்தில் விளக்குகிறார்: எபேசியனாகிய துரோப்பீமுவை முன்பு நகரத்தில் பவுலோடு கண்டிருந்தனர், ஆகவே ஆலயத்துக்குள்ளும் அழைத்து வந்திருப்பார் என்று எண்ணிக்கொண்டனர். கண்டது ஒன்று, எண்ணியது மற்றொன்று. இரண்டும் சேர்ந்து சாட்சியாகிவிட்டன. சேனாபதி என்ன நடந்தது என்று விசாரித்தபோது கூட்டத்தில் ஒருவர் ஒன்றைச் சொல்ல, மற்றவர் வேறொன்றைச் சொன்னார் என்பதையும் லூக்கா விடாமல் குறிக்கிறார். பவுல் தப்பியது கூட்டத்தின் நல்லறிவினால் அன்று, படைவீரர் வந்ததனால். பழவேற்காட்டுப் பாலத்தில் உரிய நேரத்திற்கு எவரும் வரவில்லை.

அடுத்துக் காண வேண்டியது 2023 மார்ச்சு மாதம். வடசென்னைத் துறைமுகங்களிலும் மணலி ஆலைகளிலும் கட்டுமான இடங்களிலும் பீகார், ஒடிசா, அசாம் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் உழைக்கின்றனர். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளரை வெட்டிக் கொல்கின்றனர் என்னும் செய்தி அம்மாதத் தொடக்கத்தில் வட இந்தியாவெங்கும் பரவியது. இம்முறை வதந்தி வாட்ஸ்அப்பில் மட்டும் வாழவில்லை. டைனிக் பாஸ்கர் போன்ற பெரிய இந்தி நாளேடும் அதை ஏற்று வெளியிட்டது. சான்றாகக் காட்டப்பட்ட படங்களுள் ஒன்று ராஜஸ்தானின் சோத்பூரில் நடந்த வேறொரு கொலை. மற்றொன்று கோவையில் உள்ளூர்ப் பகையால் நடந்தது. யூடியூபில் பெயர்பெற்ற மணீஷ் காஷ்யப் என்பவர் பரப்பிய காட்சியொன்று பட்னாவில் ஒரு வாடகை வீட்டில் நடித்து எடுக்கப்பட்டது என்று பீகார்க் காவல்துறையே கூறியது. ஹோலிப் பண்டிகைக்கு ஊர் திரும்பத் தொடர்வண்டி நிலையத்தில் கூடியவர்கள் உயிருக்கு அஞ்சி ஓடுபவர்களாகக் காட்டப்பட்டனர். பீகார்ச் சட்டமன்றத்தில் அமளி எழுந்தது. அங்கிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்தது. தமிழகக் காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு மறுத்துப் பேசிய காட்சி வெளியிடப்பட்டது.

ஈண்டு நம் பக்கத்துக் குறையையும் சொல்லாமல் விட இயலாது. அச்சத்தை நம்பவைக்கும் அளவுக்கு முன்பே ஏதோ சிந்திக் கிடந்தது. 2022 மே மாதம் கோவையில் ஒரு பட்டமளிப்பு விழாவில், இந்தி படித்தவர்கள் இங்கே பானிபூரி விற்கிறார்கள் என்னும் பொருள்பட உயர்கல்வி அமைச்சர் பொன்முடி பேசினார். மொழித் திணிப்பை எதிர்க்கும் கொள்கை நியாயமானதே. அதற்கு உழைத்துப் பிழைப்பவரை எள்ளுவது எதற்கு? கொள்ளை நடந்தால், ஆய்வு தொடங்குமுன்னரே ‘வடமாநில ஆசாமிகள்’ என்று தலைப்பிடும் வழக்கம் நம் நாளேடுகளில் இன்றும் உள்ளது. ஒரு தனி மனிதனின் குற்றத்துக்கு ஒரு நிலப்பரப்பையே பெயராகச் சூட்டும் அத்தலைப்பும் பழவேற்காட்டு வதந்தியும் ஒரே சொற்களஞ்சியத்திலிருந்து எடுத்தவை. காஷ்யப் மீது தேசியப் பாதுகாப்புச் சட்டம் ஏவப்பட்டதையும் நாம் பாராட்டுவதற்கில்லை. அவர் செய்தது குற்றமாயின் அதற்குச் சாதாரணச் சட்டப் பிரிவுகள் போதும். அந்தத் தடுப்புக்காவல் ஆணையை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அவ்வாண்டு நவம்பரில் நீக்கியது. பொய்யரைத் தியாகியாக்கியதே அவ்வாணையால் விளைந்த பயன்.

அதிகாரத்தில் உள்ளோர் ஏடுகளை நடத்திய விதத்தையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். 1987இல் அட்டைப்படக் கேலிச்சித்திரம் ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. 2007 மே 9ஆம் நாள், ஒரு கருத்துக் கணிப்பை வெளியிட்டதற்காக மதுரையில் தினகரன் அலுவலகம் எரிக்கப்பட்டு ஊழியர் மூவர் மாண்டனர். கீழ்நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. உயர்நீதிமன்றம் 2019இல்தான் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை வழங்கியது. 2015 மார்ச்சில் தாலி பற்றிய ஒரு நிகழ்ச்சிக்காகப் புதிய தலைமுறை தொலைக்காட்சி அலுவலகத்தின்மேல் வெடிபொருள் வீசப்பட்டது. 2025இல் ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடனின் இணையதளமே முடக்கப்பட்டு, அப்படத்தை நீக்கினால் திறக்கலாம் என்று நீதிமன்றம் கூறிய பின்னரே திறந்தது. திராவிடக் கட்சிகள், இந்துத்துவ அமைப்புகள், ஒன்றிய அரசு ஆகிய எத்தரப்பும் இதில் விலக்கில்லை. ஏடுகளை நம்பாதீர் என்று மக்களுக்குச் சொல்பவர்களே ஏடுகளைக் கண்டு மிகவும் அஞ்சுகின்றனர்; அஞ்சுவதற்குக் காரணம், ஏடு சில வேளைகளில் உண்மையைச் சொல்லிவிடுகிறது.

திருச்சபை இவற்றுக்கு வெளியே நின்று தீர்ப்பளிக்கும் நிலையில் இல்லை. 2008 ஆகஸ்டு 23ஆம் நாள் ஒரிசாவின் கந்தமாலில் இலட்சுமணானந்தர் கொல்லப்பட்டார். மாவோயிஸ்டுகள் அக்கொலைக்குப் பொறுப்பேற்றனர். ஆயினும் கிறிஸ்தவரே கொன்றனர் என்னும் கூற்று முந்திக்கொண்டது. எரிந்த வீடுகளும் ஆலயங்களும் கொலையுண்டவர்களும் எத்தனை என்பதை நாம் அறிவோம். வதந்திக்கு இரையானவர்கள் நாம். அப்படியிருந்தும், ஆப்கானிஸ்தானில் இருபத்திரண்டு மிஷனெரிகள் நாளைப் பிற்பகல் கொல்லப்படப்போகிறார்கள், செபியுங்கள் என்னும் செய்தி 2009 முதல் உலகெங்கும் சபைகளில் சுற்றிவருகிறது. நம் தமிழ்ச் சபைகளின் குழுக்களிலும் அது ஆண்டுக்கொருமுறை தவறாமல் தலைகாட்டுகிறது. அதில் நாள் இல்லை; ‘நாளைப் பிற்பகல்’ மட்டுமே உண்டு. குழந்தை கடத்தல் செய்தியின் ‘நேற்று’ என்னும் சொல்லுக்கு உடன்பிறப்பு இந்த ‘நாளை’. 2007இல் தாலிபன்கள் கொரிய நாட்டுத் திருச்சபையார் இருபத்துமூவரைப் பிடித்து இருவரைக் கொன்றது மெய். அந்த மெய்யின் நிழலில் இப்பொய் நிற்கிறது. செபம்தானே, தீங்கென்ன என்று கேட்கலாம். ஒவ்வொரு முறையும் அதைப் பெறுபவர் உள்ளத்தில் இஸ்லாமியர் என்னும் சொல்லோடு கொலை என்னும் சொல் இன்னும் ஒரு கண்ணியால் பிணைக்கப்படுகிறது. அதை அனுப்பியவர் ஆயராயிருப்பின் அக்கண்ணி மேலும் உறுதிப்படுகிறது. அனுப்பியவர் யார் என்பதே வதந்தியின் வலிமை.

தாவீதின் வாசலில் நின்ற காவலன் ஓடிவருபவனைக் கண்டு, இவன் ஓட்டம் சாதோக்கின் மகன் அகிமாசுடைய ஓட்டம் போலிருக்கிறது என்றபோது, அவன் நல்லவன், நற்செய்தியே கொண்டுவருவான் என்று அரசன் முடிவு செய்தான் (2 சாமுவேல் 18). அகிமாசுக்கு அப்சலோம் இறந்தது தெரியும். யோவாபு அவனிடம் சொல்லியிருந்தான். அரசனிடம் அவன் அதை மறைத்து, ஏதோ குழப்பத்தைக் கண்டேன் என்று மழுப்பினான். உண்மையைச் சொன்னவன் பின்னால் வந்த கூஷியன். அரண்மனையில் உறவோ பெயரோ இல்லாத அயலான். நம் விரிவுரைகளில் இப்பகுதியைத் தந்தையின் துயரத்துக்காகவே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறோம். செய்தியை ஓடுபவனின் நடையைக் கொண்டு எடைபோடும் பழக்கம் அரண்மனைக்குள் எத்தனை ஆழமாக இருந்தது என்பதையும் அங்கே போதிக்கலாம்.

2025 செப்டம்பர் 30ஆம் நாள் எண்ணூர்ச் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர் இறந்தனர். பெரும்பாலோர் அசாமியர். அதற்கு மூன்று நாள் முன்னர் கரூரில் நடந்த நெரிசல் பேரிடரைப் பற்றி நாடே பேசிக்கொண்டிருந்தது. அங்கும் சதி என்றும் திட்டம் என்றும் கட்சிக்கொரு வதந்தி கிளம்பியிருந்தது. எண்ணூரின் ஒன்பது பேரைப் பற்றி வதந்தி ஏதும் கிளம்பவில்லை. பொய்யாகக் கொல்லப்பட்ட பீகாரியருக்காக ஒரு சட்டமன்றம் கொந்தளித்தது. மெய்யாகவே இறந்த அசாமியரைப் பற்றி ஏடுகள் எழுதின, படம் போட்டன, நிவாரணத் தொகையை அச்சிட்டன. எழுதியதை நாம் வாசித்தோமா என்பதே கேள்வி. நம் சபைகளில் எத்தனை மன்றாட்டுகளில் அவர்கள் இடம்பெற்றனர் என்று ஆயர்கள் தங்கள் ஞாயிறு வழிபாட்டுக் குறிப்புகளைப் புரட்டிப் பார்க்கலாம்.

இறுதியாண்டு விளக்கவுரை வகுப்பில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம் என்பது நம் கருத்து. ஒத்தமை நற்செய்திகளின் இணைப்பகுதிகளை மூன்று பத்திகளாக எழுதி ஒப்பிடுவதைப் போலவே, ஒரு செய்தியை அது வாட்ஸ்அப்பில் வந்த வடிவிலும் நாளேட்டில் வந்த வடிவிலும் அதிகாரிகளின் அறிக்கை வடிவிலும் மூன்று பத்திகளாக எழுதி, எதில் எது வெட்டப்பட்டது என்று மாணவர் குறிக்கட்டும். முதற்பாடத்துக்கான செய்தியை மாணவர்கள் வெளியே தேட வேண்டியதில்லை. தத்தம் சபைக் குழுவிலிருந்தே கொண்டுவரலாம்.